துயிலும் மயக்கமும்: உறக்க நோய் மருத்துவத்தின் இருநூற்றாண்டு வரலாறு

1. முன்னுரை

துஞ்சுதல் என்னும் வினை பழந்தமிழில் இருபொருள் பயப்பது. உறங்குதலும் துஞ்சுதல், இறத்தலும் துஞ்சுதல். குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன், சித்திரமாடத்துத் துஞ்சிய நன்மாறன் என வரும் வேந்தர் பெயர்களில் இவ்வினை இறப்பையே குறித்து நின்றது. திருவள்ளுவரும் நிலையாமை அதிகாரத்தில் சாக்காட்டை உறக்கத்திற்கும் பிறப்பை விழிப்பிற்கும் ஒப்பிட்டார். கள்ளுண்ணாமையில் அவரே துஞ்சினாரைச் செத்தாரோடும், கள்ளுண்பாரை நஞ்சுண்பாரோடும் வைத்து எண்ணினார். துஞ்சினாரும் செத்தாரும் காட்சிக்கு ஒப்பர்; ஆயினும் துஞ்சினார் விழிப்பர். கள்ளுண்டு கிடப்பாரும் துஞ்சினாரும் காட்சிக்கு ஒப்பர். ஆயினும் அவ்விருவர் நிலையும் ஒன்றன்று.

புறத்தே ஒன்றுபோலத் தோன்றுவன அகத்தே வேறாதலை உணராமையால் விளைந்த பிழைகளுள் பெரியது ஒன்றை உறக்க நோய் மருத்துவத்தின் வரலாற்றிற் காண்கின்றோம். துயில் வேறு, மயக்கம் வேறு. உடலுக்கு வலிமையும் உள்ளத்திற்குத் தெளிவும் தருவது துயில். அறிவை ஒடுக்கி உடலைக் கிடத்துவது மயக்கம். உறக்கம் வாராது வருந்தினார்க்கு மருத்துவ உலகம் நெடுங்காலம் தந்தது மயக்கமே. அதனைத் துயில் எனவே தந்தாரும் கொண்டாரும் கருதினர். இவ்வேற்றுமை கருவிகொண்டு நிறுவப்பட்டது இருபதாம் நூற்றாண்டிலேயாம். அது நிறுவப்பட்ட பின்னரே உறக்க நோய்களின் வகையும் அவ்வவற்றிற்கு உரிய மருத்துவமும் தெளிவுற்றன. இக் கருத்தினை நிறுவுதலே இக் கட்டுரையின் நோக்கம்.

இன்று உலகெங்கும் வழங்கும் துயில்மருந்துகளும் கருவிகளும் பெரும்பாலும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் தோன்றியவை. நம் நாட்டு மருந்துக் கடைகளிலும் மருத்துவமனைகளிலும் இன்று காண்பன அவற்றின் வழிவந்தனவே. ஆதலின் அந்நாடுகளின் வரலாற்றையே ஈண்டுத் தொடர்ந்து நோக்குவோம்.

2. அபினும் புரோமைடும்

கிரேக்கர் துயில் தெய்வத்தையும் சாவுத் தெய்வத்தையும் இரட்டையராகக் கூறினர். துஞ்சுதல் என்னும் ஒரு சொல்லில் நம் முன்னோர் கண்ட ஒப்புமையை அவர்கள் உடன்பிறப்பாகக் கண்டனர் எனலாம். அபின் பண்டைக் காலந்தொட்டே மேலைநாட்டு மருத்துவத்தில் வலியையும் விழிப்பையும் ஒருங்கே அடக்கும் பொருளாக வழங்கியது. செர்மானிய மருந்தாளராகிய செர்ட்டூர்னர் என்பார் அபினிலிருந்து அதன் உயிர்ப்பண்பாகிய பொருளைப் பிரித்தெடுத்து, அதுபற்றி 1805 இல் எழுதினார். 1817 இல் மேலும் விரித்து வெளியிட்டார். உரோமப் புலவர் ஓவிட்டின் காப்பியத்தில் துயில் தெய்வத்தின் மகனாகவும் கனவுகளின் தலைவனாகவும் வரும் மார்பியசின் பெயரால் அப்பொருள் மார்பின் எனப்பட்டது. மயக்கம் தரும் பொருளுக்குக் கனவுத் தெய்வத்தின் பெயரை இட்டமை, அக்காலத்தார் இவ்விரண்டனையும் ஒன்றெனவே கருதினர் என்பதற்குச் சான்றாகின்றது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் புரோமைடு உப்புகள் வழக்கிற்கு வந்தன. புரோமின் என்னும் தனிமத்தைப் பிரெஞ்சு வேதியியலார் பலார் 1826 இல் கண்டறிந்தார். இலண்டன் மருத்துவர் லோகாக் என்பார் 1857 இல் வலிப்பு நோய்க்குப் புரோமைடு பயன்படுதலை அறிவித்தார். அதன்பின் நரம்புத் தளர்ச்சிக்கும் துயிலின்மைக்கும் அது பெருவழக்காயிற்று. அபினைப்போல் அடிமைப்படுத்தாது என்பதே அதற்குக் கூறப்பட்ட சிறப்பு. ஆயின் அதன்கண் மறைந்திருந்த தீமை வேறொன்று. உண்ட புரோமைடு உடலைவிட்டு எளிதில் நீங்குவதில்லை. அதன் அளவு பாதியாகக் குறைதற்கே ஏறத்தாழ 12 நாட்கள் ஆகின்றன. ஆதலின் நாள்தோறும் உண்பார் உடலில் அது சேர்ந்துகொண்டே செல்லும். நாளடைவில் தோற்புண், நடுக்கம், அறிவுத் தடுமாற்றம், இல்லாதன கேட்டலும் காணலும் ஆகிய துன்பங்கள் தோன்றும்.

இதற்கு இலக்கியச் சான்று ஒன்று உண்டு. ஆங்கில நாவலாசிரியர் ஈவ்லின் வா துயிலின்மைக்காகக் குளோரலும் புரோமைடும் உண்டு வந்தவர். 1954 இல் இலங்கை நோக்கிக் கப்பலிற் சென்றபோது, தம்மை இகழும் குரல்கள் எங்கிருந்தோ வருவதாக அவர் கேட்கலானார். பின்னர் அது புரோமைடு நஞ்சின் விளைவென்று மருத்துவர் தெளிந்தனர். அத்துன்பத்தையே பொருளாகக் கொண்டு அவர் எழுதிய நாவல் 1957 இல் வெளிவந்தது. துயில் வேண்டி உண்ட மருந்து விழித்திருக்கும்போதே கனவுகாணச் செய்தது என்பது எண்ணத்தக்கது.

3. பிழைபட்ட கொள்கையும் பயன்பட்ட மருந்தும்

துயில் வருவித்தற்கென்றே வேதியியற் கூடத்திற் செய்யப்பெற்றுப் பெருவழக்கடைந்த முதல் மருந்து குளோரல் ஐதரேட்டு ஆகும். குளோரலை லீபிக் 1832 இல் ஆக்கினார். முப்பத்தேழு ஆண்டுகள் அது வேதியியலாரின் கண்ணாடிக் குப்பியிலேயே கிடந்தது. பெர்லின் நகரத்து லீப்ரைக் என்பார் 1869 இல் அதன் துயில் தரும் பண்பை வெளியிட்டார். காரப் பொருளோடு சேர்ந்தால் குளோரல் குளோரோபார்மாக மாறும். குருதியும் சிறிது காரத்தன்மை உடையது. ஆதலின் உடலினுள்ளும் குளோரோபார்ம் தோன்றித் துயிலை விளைக்கும் என்பது அவர் கொள்கை. அக்கொள்கை பிழைபட்டது. உடலினுள் குளோரல் மாறுவது திரைகுளோரோ எத்தனால் என்னும் பிறிதொரு பொருளாகவே என்பது பின்னர்த் தெளிவாயிற்று. பிழைபட்ட காரணத்தைக்கொண்டு பயன்படும் மருந்தைக் கண்டமை அறிவியல் வரலாற்றிற் புதுமையன்று. ஆயின் துயில் என்பது மென்மையானதொரு மயக்கமே என்னும் எண்ணம் அக்கொள்கையின் அடியில் இருந்தது. அறுவை மருத்துவத்தில் அறிவொடுக்கப் பயன்பட்ட குளோரோபார்மைச் சிறிது சிறிதாக உடலினுள் வெளிப்படுத்தினால் அதுவே துயிலாகும் என்று அவர் கருதியமை நோக்குக.

குளோரலால் வந்த கேட்டிற்கு இருவர் வாழ்க்கை சான்றாகும். ஓவியரும் கவிஞருமாகிய தாந்தே கேப்ரியல் ரொசெட்டி துயிலின்மைக்காகக் குளோரலை மதுவோடு உண்ணத் தொடங்கி, அதற்கு அடிமையாகி, உடலும் உள்ளமும் நலிந்து 1882 இல் மறைந்தார். ஒளிச் சிதறலைப் பற்றிய ஆய்வால் நம் மாணவரும் நன்கறிந்த இயற்பியலறிஞர் சான் டிண்டல் பல்லாண்டுகள் துயிலின்மையால் வருந்தினார். 1893 இல் அவர்தம் மனைவியார் வேறு மருந்தெனக் கருதித் தவறுதலாகக் குளோரலை மிகுதியாக அளித்துவிட, அதனால் அவர் உயிர் நீத்தார்.

4. வெரோனல் முதலாயின

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பார்பிட்டூரேட்டு என்னும் மருந்தினம் தோன்றியது. அதன் மூலமாகிய அமிலத்தை 1864 இல் பேயர் என்னும் செர்மானிய வேதியியலார் ஆக்கியிருந்தார். எமில் பிஷரும் வான் மெரிங்கும் 1903 இல் அவ்வினத்து முதல் துயில்மருந்தை வெளியிட்டனர். அது வெரோனல் என்னும் பெயரால் விற்கப்பட்டது. 1912 இல் லூமினல் வந்தது. அவற்றைத் தொடர்ந்து விரைவில் வேலைசெய்வன, நெடுநேரம் நிற்பன எனப் பலவகை மருந்துகள் பெருகின. குளோரலின் கெட்ட நாற்றமும் சுவையும் இவற்றிற்கு இல்லை, உண்ணுதல் எளிது. ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் மேலைநாட்டுத் துயில் இவற்றின் ஆட்சியில் இருந்தது என்று கூறின் மிகையாகாது.

இவற்றின் கேடு இருவகைப்படும். ஒன்று பழக்கம். நாட்செல்லச் செல்ல முன்னைய அளவு துயில் தருவதில்லை, அளவைக் கூட்டவேண்டும். மற்றொன்று, உயிரைக் கொல்லும் அளவு அங்ஙனம் உயர்வதில்லை என்பது. ஆதலின் துயிலுக்கு உரிய அளவும் சாவுக்கு உரிய அளவும் ஒன்றையொன்று நெருங்கி வருகின்றன. மதுவும் உடன் சேரின் அவ்விடைவெளி மேலும் சுருங்கும். இம் மருந்துகள் மூளையிலுள்ள மூச்சியக்கும் பகுதியையும் ஒடுக்குவன ஆதலின், மிகுதியாக உண்டார் மூச்சொடுங்கி மடிந்தனர். நடிகை மர்லின் மன்றோ 1962 இல் இறந்தபோது அவருடலில் பார்பிட்டூரேட்டும் குளோரல் ஐதரேட்டும் காணப்பெற்றன. கிரேக்கர் கூறிய இரட்டையர் ஒரே குப்பியுள் உறைந்தனர் போலும்.

5. தீங்கற்றது என்று விற்கப்பட்டது

பார்பிட்டூரேட்டின் கேடுகளை உலகம் உணரத் தலைப்பட்ட காலத்தில், எவ்வளவு உண்டாலும் கொல்லாத துயில்மருந்து ஒன்று வேண்டும் என்னும் விழைவு மிகுந்தது. அவ்விழைவிற்கு விடையாக மேற்குச் செர்மனியில் 1957 இல் தாலிடோமைடு விற்பனைக்கு வந்தது. மருத்துவர் சீட்டின்றியே அதனை வாங்கலாம் என்னும் நிலையும் அங்கு இருந்தது. கருவுற்ற மகளிரும் அதனை உண்டனர்.

பின்னர் நிகழ்ந்தது உலகறிந்தது. கையும் காலும் குறைந்த குழவிகள் பிறந்தன. செர்மனியில் லென்சு என்னும் குழந்தை மருத்துவரும், ஆத்திரேலியாவில் மக்பிரைடு என்னும் மகப்பேற்று மருத்துவரும் 1961 இல் மருந்துக்கும் அக்குறைக்கும் உள்ள தொடர்பைச் சுட்டினர். அவ்வாண்டு நவம்பரில் செர்மனியில் அது விற்பனையினின்றும் நீக்கப்பட்டது. உலகெங்கும் 10,000க்கு மேற்பட்ட குழவிகள் தாக்குண்டன என்று கணக்கிட்டுள்ளனர். அமெரிக்க நாட்டு மருந்துக் கண்காணிப்புத் துறையில் இருந்த பிரான்சிசு கெல்சி அம்மையார், காட்டப்பட்ட சான்றுகள் போதா என்று கூறி இசைவளிக்க மறுத்தமையால் அந்நாடு பெரும்பாலும் தப்பியது. மருந்து தீங்கற்றது என்பதோடு பயன்படுவது என்பதையும் விற்பாரே நிறுவவேண்டும் என்னும் சட்டம் அங்கு 1962 இல் இயற்றப்பட்டது. இன்று எந்நோய்க்கும் உரிய புதுமருந்து கடுஞ்சோதனைக்கு உட்படுவது ஒரு துயில்மருந்தால் விளைந்த அழிவின் பயன் என்பது மறத்தற்கு உரியதன்று.

6. துயிலைக் கண்ட கருவி

இதுகாறும் கூறியவற்றுள் ஒன்று புலனாகும். ஒவ்வொரு மருந்தையும் ஆய்ந்தோர் நோயாளி அசைவின்றிக் கிடக்கின்றானா என்பதையே பார்த்தனர். அவன் துயில்கின்றானா என்பதைப் பார்க்க அவர்களிடம் வழியில்லை. அவ்வழியைத் திறந்தவர் செர்மனியின் ஏனா நகரத்து மருத்துவர் ஆன்சு பெர்கர். மண்டையோட்டின் மேலிருந்தே மூளையின் மின்னலைகளை வரைந்தெடுக்கும் முறையை அவர் 1929 இல் வெளியிட்டார். அமெரிக்காவில் லூமிசும் அவர்தம் துணைவரும் 1937 இல், துயில் ஒரே தன்மையது அன்று, அலைகளின் வேறுபாட்டால் பல படிகளை உடையது என்று காட்டினர். சிக்காகோவில் அசெரின்சுகியும் கிளைட்மனும் 1953 இல், மூடிய இமைகளின் கீழ் விழிகள் விரைந்தசையும் ஒரு நிலை துயிலினிடையே மீண்டும் மீண்டும் வருதலைக் கண்டனர். அந்நிலையில் எழுப்பப்பட்டார் தாம் கண்ட கனவைத் தெளிவாகக் கூறினர். இதனைக் கனவுத் துயில் என்று ஈண்டுக் குறிப்போம்.

இதனால் துயில் பற்றிய எண்ணமே மாறிற்று. துயில் என்பது விழிப்பின் இன்மை அன்று. மூளை தானே முறைப்படி இயற்றும் ஒரு தொழில். ஆழ்துயிலும் கனவுத் துயிலும் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்திற்கு ஒருமுறை சுழன்று வருவன. இக்கருவியைக்கொண்டு பழைய மருந்துகளைச் சோதித்தபோது உண்மை வெளியாயிற்று. பார்பிட்டூரேட்டுகள் கனவுத் துயிலைக் குறைத்தன. மருந்தை நிறுத்தியவுடன் ஒடுக்கப்பட்ட கனவுத் துயில் பெருகி எழுந்தது, தீக்கனவுகள் வந்தன. அதனால் அஞ்சியவர் மீண்டும் மருந்தையே நாடினர். பிரித்தானிய ஆய்வாளராகிய ஆசுவால்டும் பிரீசுட்டும் 1965 இல் வெளியிட்ட ஆய்வின்படி, துயில்மருந்தை நிறுத்தியபின் மூளை தன் இயல்புநிலைக்கு மீள ஏறத்தாழ ஐந்து வாரங்கள் ஆயின. மருந்து தந்தது துயிலன்று, துயிலின் உருவத்தோற்றமே என்பது இங்ஙனம் தெளிந்தது.

7. குறட்டையும் மடியும்

துயிலை உள்நின்று நோக்கத் தொடங்கியதன் மற்றொரு பயன், துயிலின்மையின் வேறான பிற உறக்க நோய்கள் புலப்பட்டமையாம். அவற்றுள் மூன்றினைக் கூறுவோம்.

முதலாவது துயிலிடை மூச்சடைப்பு. சார்லசு டிக்கன்சு 1836-37 இல் வெளியிட்ட பிக்விக் பற்றிய நாவலில், எந்நேரமும் உறங்கிக் குறட்டை விடும் பருத்த சிறுவன் ஒருவன் வருகின்றான். கற்போர் அவனை நகைச்சுவைப் பாத்திரமாகவே கொண்டனர். 1956 இல் அமெரிக்க மருத்துவர் பர்வெல்லும் துணைவரும் அவனை ஒத்த நோயாளி ஒருவரைப் பற்றி எழுதினர். பருத்த உடலினராகிய அவர் சீட்டாடிக்கொண்டிருந்தபோது, வெல்லும் சீட்டுகள் கையிலிருந்தும் உறங்கிவிட்டார்! அந்நோய்க்கு அவர்கள் பிக்விக்கின் பெயரையே இட்டனர். எனினும் நோயாளி துயிலும்போது நிகழ்வது யாது என்பதை அவர்கள் அளந்திலர். பிரான்சில் கஸ்தோவும் துணைவரும், செர்மனியில் யுங்கும் கூலோவும் 1965 இல் இரவு முழுதும் மூச்சை அளந்து, தொண்டை அடைபட்டு மூச்சு மீண்டும் மீண்டும் நின்றுபோதலைக் கண்டனர். ஒவ்வொரு முறையும் மூளை சிறிது விழித்தே மூச்சை மீட்கின்றது. அவன் இரவெல்லாம் உறங்கியதாகக் காணப்பட்டானே அன்றி, உறங்கினான் அல்லன்.

தொடக்கத்தில் இதற்குக் கழுத்தில் துளையிடும் அறுவையே மருத்துவமாயிற்று. ஆத்திரேலியாவில் சிட்னி நகரத்து காலின் சலிவனும் துணைவரும் 1981 இல் மூக்கின் வழியே இடையறாது அழுத்தக் காற்றைச் செலுத்தித் தொண்டையைத் திறந்து வைக்கும் முறையை ஐந்து நோயாளிகளிடம் ஆண்டு காட்டினர். இன்றும் நடுத்தர, கடுமையான மூச்சடைப்பிற்கு அதுவே முதன்மையான மருத்துவம். உடலெடை குறைத்தல், பக்கவாட்டிற் படுத்தல், கீழ்த்தாடையை முன்தள்ளும் பற்கருவி ஆகியனவும் தக்கார்க்குத் துணையாவன. மதுவும் பல துயில்மருந்துகளும் தொண்டைத் தசையைத் தளர்த்தியோ மூச்சியக்கத்தை ஒடுக்கியோ இந்நோயை மிகுவிக்கும். மயக்கத்தைத் துயிலெனக் கொண்ட பழம்பிழை இவர்பால் நேரே உயிர்க்கேடாக முடியும். குறட்டையை நல்லுறக்கத்தின் அடையாளமாகக் கருதும் வழக்கு நம் இல்லங்களிலும் உண்டு. அது மாறவேண்டும்.

இரண்டாவது திடீர்த் துயில் நோய். பகலில் அடக்கவொண்ணாது துயில் வந்து கவிதலும், சிரிப்பு முதலிய மெய்ப்பாடுகள் தோன்றும்போது தசைகள் சோர்ந்து விழுதலும் இதன் குறிகள். பிரெஞ்சு மருத்துவர் கெலினோ 1880 இல் இதற்கு நார்கொலெப்சி என்று பெயரிட்டார். திருவள்ளுவர் மடியின்மை அதிகாரத்தில் நெடுநீர்மை, மறதி, மடி என்பவற்றோடு துயிலையும் கெடுவார் விரும்பி ஏறும் கலமாக எண்ணினார். அவர் கூறியது தாமே விரும்பி மேற்கொள்ளும் துயிலை. இந்நோயாளர் துயிலோ அவர் விருப்பத்தின்பாற்பட்டதன்று. விழிப்பை நிலைநிறுத்தும் ஒரெக்சின் என்னும் பொருள் 1998 இல் கண்டறியப்பட்டது. இந்நோயாளர் பலர் மூளையில் அதனை ஆக்கும் உயிரணுக்கள் அழிந்துள்ளமை 2000 இல் வெளியாயிற்று. மடியன் என்று பழிக்கப்பட்ட மாணவன் ஒருவன் நோயாளியாக இருத்தலும் கூடும் என்பதை ஆசிரியராகிய நாம் உளங்கொளல் வேண்டும். பகலிற் குறித்த பொழுதுகளில் சிறுதுயில் கொள்ளுதலும், மோடபினில் போன்ற விழிப்பூட்டும் மருந்துகளும் இவர்க்கு உதவுவன.

மூன்றாவது அமைதியிலாக் கால் நோய். படுத்தவுடன் காலில் இனம்புரியாத உளைச்சல் தோன்றி, அசைத்தால் அன்றித் தணியாத நிலை இது. ஆங்கில மருத்துவர் தாமசு வில்லிசு 1672 இல் இதனை விவரித்தார். சுவீடன் நாட்டு எக்பாம் 1945 இல் தனிநோயாக நிறுவினார். உடலில் இரும்புச்சத்துக் குறைதல் இதற்கு ஒரு காரணம் என்பது பின்னர் அறியப்பட்டது. தோபமீன் வழிப்பட்ட மருந்துகள் விரைந்து பயன் தந்தன. எனினும் நெடுநாள் உண்டார் சிலரிடம் அம்மருந்துகளே நோயை முன்னினும் மிகுவித்தன. ஆதலின் முதற்கண் இரும்பின் அளவைச் சோதித்துக் குறையை நிரப்புதலே இன்று வலியுறுத்தப்படுகின்றது.

8. மீண்டும் அதே சுழல்

இனி, மருந்துகளின் வரலாற்றிற்கு மீள்வோம். இசுட்டெர்ன்பாக் என்பாரின் ஆய்வால் பென்சோடயசெப்பீன் இனம் தோன்றியது. லிப்ரியம் 1960 இலும் வாலியம் 1963 இலும் விற்பனைக்கு வந்தன. அவற்றின் வழியில் துயிலுக்கென்றே நைட்ரசெப்பம் முதலியன வந்தன. தனித்து உண்டால் பார்பிட்டூரேட்டினும் உயிர்க்கேடு மிகக் குறைவு என்பது இவற்றின் மெய்யான சிறப்பு. ஆயின் பழக்கமும், நிறுத்தியபோது வரும் நடுக்கமும் துயிலின்மையும் இவற்றிற்கும் உண்டென்பது காலஞ்செல்லவே உணரப்பட்டது. பிரித்தானிய மருந்துக் காப்புக் குழு 1988 இல், இவற்றை இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு மேற்படாது தருமாறு மருத்துவர்க்கு அறிவுறுத்தியது. முதியோர் இவற்றை உண்டு இரவில் எழுந்து விழுந்து எலும்பு முறிதலும் பெருங்கவலைக்கு உரியதாயிற்று.

அவற்றிற்கு மாற்றாகச் சோல்பிடெம் 1992 இல் அமெரிக்காவில் இசைவு பெற்றது. மறுநாட் காலையிலும் அது உடலில் எஞ்சி நிற்றலால் 2013 இல் மகளிர்க்குரிய அளவு பாதியாக்கப்பட்டது. அதனை உண்டு, தம்மை அறியாமலே எழுந்து நடந்தும் வண்டி ஓட்டியும் துன்புற்றார் உண்டாகையால் 2019 இல் கடும் எச்சரிக்கை சேர்க்கப்பட்டது. 2014 இல் இசைவு பெற்ற சுவோரெக்சன்ட் வேறு நெறியைக் கொண்டது. மூளை முழுவதையும் ஒடுக்காது, முற்கூறிய ஒரெக்சினின் விழிப்பூட்டும் வேலையை மட்டும் அது தடுக்கின்றது. மயக்குதலை விட்டுத் துயிலுக்கு வழிவிடுதலை நாடும் இந்நெறி கருத்தளவில் ஒரு முன்னேற்றமே. எனினும் மறுநாள் உறக்கச் சோர்வு முதலியன இதற்கும் உள.

இம் மருந்துகளை வரிசைப்படுத்தி நோக்கின் ஓர் ஒழுங்கு காணலாம். புதுமருந்து ஒவ்வொன்றும் முன்னதன் தீமை தனக்கில்லை என்று கூறிக்கொண்டே புகுந்தது. முன்னதற்கு இல்லாத தீமையோ, சிறிது மாறிய அதே தீமையோ தன்பால் உண்டென்பதைக் காலம் காட்டியது. இதனால் மருந்தே தீது என்பது பொருளன்று. சின்னாட் பயன்பாட்டிற்கும் தக்க நோயாளர்க்கும் இவை உதவுவன. தீங்கற்றது என்னும் சொல்லைக் காலத்தின் சான்று இன்றி ஏற்றலே தீது.

9. மருந்தில்லா மருத்துவம்

நெடுநாள் துயிலின்மைக்கு இன்று முதலில் தரவேண்டுவதாக அறிஞர் கூறுவது மருந்தன்று. துயில் ஒழுக்கத்தைத் திருத்தும் பயிற்சி. இதன் கூறுகள் வேறுவேறு காலத்தன. அமெரிக்க உளவியலார் பூட்சின் 1972 இல், படுக்கையைத் துயிலோடு மட்டும் தொடர்புபடுத்தும் முறையைக் கூறினார். உறக்கம் வந்தபோதே படுத்தல், வாராதபோது எழுந்து வேறிடம் சென்று மீண்டும் உறக்கம் வரும்போது திரும்புதல், எவ்வளவு குறைவாக உறங்கினும் நாள்தோறும் குறித்த நேரத்தில் எழுதல் என்பன அதன் விதிகள். சுபீல்மனும் துணைவரும் 1987 இல் வெளியிட்ட முறை கேட்பார்க்கு முரணாகத் தோன்றும். எட்டு மணி நேரம் படுக்கையிற் கிடந்து ஐந்தரை மணி நேரமே உறங்குவானை ஐந்தரை மணி நேரம் மட்டுமே படுக்கச் செய்து, துயில் திணிவுற்ற பின்னர்ச் சிறிது சிறிதாக நேரத்தைக் கூட்டுதல் அம்முறை.

இது பயன்படும் காரணத்தைச் சுவிட்சர்லாந்து நாட்டுப் போர்பெலி 1982 இல் வகுத்த கொள்கையால் விளக்கலாம். விழித்திருக்குந்தோறும் துயில் வேட்கை உடலிற் பெருகுகின்றது. உடலின் நாட்கடிகை அதற்குரிய பொழுதை வரையறுக்கின்றது. இரண்டும் ஒருங்கே கூடும்போது துயில் தானே வருகின்றது. படுக்கை நேரத்தைக் குறைத்தல் வேட்கையைப் பெருக்கும். ஒரே நேரத்தில் எழுதல் கடிகையை நிலைப்படுத்தும். உறங்காவிடில் கேடு வருமோ என்னும் அச்சத்தை நீக்கும் உளப்பயிற்சியும் இவற்றோடு சேர்க்கப்படும். அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016 இலும், ஐரோப்பியத் துயில் ஆய்வாளர் 2017 இலும் வெளியிட்ட நெறிமுறைகள் இப்பயிற்சியையே முதல் மருத்துவமாக விதித்தன. மருந்தைப்போல் முதல் இரவே இது பயன் தாராது. சில வாரங்கள் பொறுத்தல் வேண்டும். ஆயின் பெற்ற பயன், பயிற்சி முடிந்த பின்னும் நிற்பது. வலிப்பு நோயும் கடும் மனவெழுச்சி நோயும் உடையாரும், வண்டி ஓட்டுவாரும் படுக்கை நேரத்தைக் குறைக்கும் முறையை மருத்துவர் மேற்பார்வையின்றி மேற்கொள்ளலாகாது.

10. முடிவுரை

மேற்கூறியவற்றால் பெறப்படும் முடிபுகள் மூன்று. ஒன்று, துயிலும் மயக்கமும் வேறு என்பது உணரப்படாத காலத்தில் உறக்க மருத்துவம் ஒரு மருந்தினின்று மற்றொன்றிற்குத் தாவியதே அன்றி நோயை அறிந்திலது. இரண்டு, அவ்வேற்றுமை உணரப்பட்ட பின்னர், உறங்காமை என்னும் ஒரு குறியின் கீழ்ப் பல நோய்கள் இருத்தல் புலனாயிற்று. அவற்றிற்கு வேண்டுவன காற்றும் இரும்பும் பயிற்சியும் மருந்துமாக வேறுபட்டன. மூன்று, துயில் வருவிக்கப்படும் பொருளன்று. தடை நீங்கின் தானே வருவது.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் கண்துயில் மறுத்தலை அகத்திணை மெய்ப்பாடுகளுள் ஒன்றாக எண்ணுகின்றது. மெய்ப்பாடு என்பது உள்நிற்கும் ஒன்றன் புறத்தோற்றம். துயிலாத தலைவியின் கண்ணுக்கு மருந்திடுதலை நம் புலவர் எவரும் மருத்துவமாகக் கொண்டிலர். கண் துயிலாமைக்குக் காரணமாகிய பிரிவு தீர்தலையே தீர்வாகக் கொண்டனர். இதனால் பழந்தமிழர் இன்றைய உறக்க அறிவியலை அறிந்திருந்தனர் என்று கூறுதல் பொருந்தாது. குறியைக் கண்டு காரணத்தைத் தேடும் நெறி இலக்கியத்திற்கும் மருத்துவத்திற்கும் பொது என்பதே நாம் கூற விழைவது.

இறுதியாக ஒன்று கூறி அமைவோம். இக் கட்டுரையைக் கற்பார் சிலர் தாமே துயில்மருந்து உண்பவராகவோ, உண்ணும் பெற்றோரை உடையவராகவோ இருத்தல் கூடும். இவ்வரலாற்றைக் கற்றமையால் மருந்தை ஒருநாளில் எறிந்துவிடுதல் தகாது. நெடுநாள் உண்ட பென்சோடயசெப்பீனைத் திடீரென நிறுத்தின் வலிப்பும் வரலாம். மருத்துவரின் துணையோடு சிறிது சிறிதாகக் குறைத்தலே நெறி. அவரிடம் முதலில் வினவவேண்டுவது, எனக்கு எம்மருந்து தருவீர் என்பதன்று. என் துயிலைத் தடுப்பது யாது என்பதே. அவ்வினாவை மருத்துவ உலகம் தன்னைத்தானே வினவிக்கொள்ள நெடுங்காலம் ஆயிற்று. நாம் அத்துணைக் காலம் தாழ்த்தல் வேண்டுவதில்லை.